நல்ல செல் என்று ஒன்று இல்லை

போன வாரம், ஸ்லைடு பார்த்து நோய் சொல்ல என்னிடம் பயின்ற உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம். தொடையிலிருந்து எடுத்த சார்கோமா பயாப்சி, உள்ளே எதிர்ப்புச் செல்லான லிம்போசைட் கொட்டிக் கிடக்கிறது, "மேடம், இது நல்ல சைன்தானே? ரிப்போர்ட்ல அப்படி ஒரு வரி போட்டுடலாமா?" என்று கேட்டீர்கள். "போடாதே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ரிட்டயர் ஆன பிறகும் இந்த அம்மாவுக்கு மூக்கு மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். உங்கள் மேல் இல்லை, அந்த 'நல்ல' என்கிற வார்த்தை மேல். போனில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பயின்ற காலத்தில் கட்டிக்குள் இருக்கும் எதிர்ப்புச் செல்களை யாரும் மதித்ததில்லை. புற்றுச் செல்லைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. நடுவே நீலப் புள்ளியாகச் சிதறிக் கிடக்கும் லிம்போசைட்டெல்லாம் வழியை மறைக்கிற கூட்டம். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சொந்தக்காரரைத் தேடுகிற மாதிரி, கூட்டத்தை ஒதுக்கிவிட்டு ஆளைத் தேடுவோம். ரிப்போர்ட்டின் கடைசியில் 'அழற்சி செல்கள் காணப்படுகின்றன' என்று ஒப்புக்கு ஒரு வரி எழுதுவோம். அப்புறம் அந்தச் செல்களைத் தட்டி எழுப்பிப் புற்றின் மேல் ஏவிவிடுகிற மருந்துகள் வந்தன. ஒப்புக்கு எழுதின வரியைத்தான் எல்லோரும் முதலில் படிக்கத் தொடங்கினார்கள். அந்த மருந்துகள் எங்கள் பக்கம் வந்த புதிதில் நடந்தது இது.

நான் அப்போது ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருந்தேன். மோனிஷா என்ற பெண் வந்தாள். தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் வேலை. காலை கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்ட வேண்டும். இடது தொடையில் வீக்கம் வந்தபோது வீட்டிலும் கடையிலும் நின்று நின்று வந்ததுதான் என்றார்கள். தைலம் தேய்த்தார்கள். எங்களிடம் வரும்போது கட்டி தொடையின் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி வளைத்திருந்தது. தசையில் முளைக்கும் புற்று, ஆல்வியோலார் சாஃப்ட் பார்ட் சார்கோமா. பாடப் புத்தகத்தில் பெயரைப் படித்திருப்பீர்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு அபூர்வம்.

அறுவை மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். கட்டியை மட்டும் எடுக்க வழியில்லை, எடுத்தால் இடுப்போடு காலையே எடுக்க வேண்டும். எங்கள் புற்றுநோய் மருத்துவர் இன்னொரு வழி சொன்னார். இந்தச் சார்கோமா எதிர்ப்புச் செல்லை எழுப்பும் மருந்துக்குக் கொஞ்சம் மசிகிறது, மருந்தைக் கொடுத்துச் சுருக்கிப் பார்ப்போம், குழாயை விட்டு விலகி வந்தால் கால் தப்பும். மருந்துக்கு ஓர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இரண்டு டோஸ் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கவில்லை, முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. அறுவை மருத்துவர் தியேட்டருக்குத் தேதி குறித்துவிட்டார். கடைசியாக ஒரு முறை ஊசியால் துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எங்களுக்கு அனுப்பினார்கள். என்னுடைய ஜூனியர்தான் முதலில் பார்த்தான். கெட்டிக்காரப் பையன். 'வெறும் அழற்சி, கட்டி சிக்கவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று எழுதி என் மேஜையில் வைத்தான். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது, குறித்துக்கொள்ளுங்கள். தேடி வந்தது கண்ணில் படாவிட்டால், கண் முன்னால் இருப்பது கணக்கிலேயே இல்லை என்று முடிவு கட்டுவது.

நான் பார்த்தேன். லிம்போசைட், அதன் நடுவே குப்பை பொறுக்கும் பெரிய மேக்ரோஃபேஜ்கள். அவ்வளவுதான், ஸ்லைடு முழுக்க அதுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் மெல்லிய சுவர்கள் தெரிந்தன. இந்தக் கட்டி கூடு கூடாக வளரும், தெரியுமில்லையா? கூடுகளின் சுவர் அப்படியே நின்றது. உள்ளே குடியிருந்தவர்களைத்தான் காணோம். ஊசி கட்டியைத் தவறவிடவில்லை. கட்டியின் நட்டநடுவில்தான் குத்தியிருக்கிறது. அங்கே கட்டிதான் இல்லை.

அன்று சாயங்காலமே மருத்துவர்கள் கூட்டம். அறுவை மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் பேச்சு கறாராக இருக்கும்.

"மேடம், ஓரத்துல குத்திட்டு உள்ள ஒண்ணுமில்லன்னு சொல்றீங்களா? ஸ்கேன்ல வளந்துருக்கு, கண்ணால பாக்கறோம்."

"வளந்துருக்கறது கட்டி இல்ல. உள்ள வந்து நெரிசலா நிக்கற எதிர்ப்புச் செல்லு."

"நான் வெயிட் பண்ணி, நீங்க தப்பா இருந்தா? நாளைக்கு லங்க்ஸ்ல வந்து நிக்கும். அப்ப யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

வாயில் அப்படி வந்துவிட்டது. ஒரு நகம் அளவுத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் காலுக்கும் உயிருக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கிறோம். இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்காது. பார்த்ததைச் சொல்ல வேண்டும், எவ்வளவு உறுதியாகப் பார்த்தோமோ அவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டும், குரலைத் தாழ்த்தக் கூடாது. அடுத்த ஸ்கேன்வரை காத்திருப்பது என்று முடிவானது. தியேட்டர் தேதியை அடித்தார்கள்.

மறுநாள் மோனிஷாவின் அப்பா என்னைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தார். ஏழுமலை என்று பெயர், பல்லாவரம் பம்மல் வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாம் நோயாளியைப் பார்க்கிற வழக்கம் இல்லாத மருத்துவர்கள். நம்மிடம் வருவது கண்ணாடித் துண்டு, முகம் இல்லை. ஆனாலும் போனேன். புற்றுநோய் மருத்துவரின் அறையில் அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்கதான் அத்த பாத்தவங்களா? கட்டி பெர்சாய்க்கினே போவுது மேடம். டாக்டர் இன்னாமோ நல்லதுன்றாரு. எனக்கு ஒண்ணும் புரில."

நான் வாயைத் திறக்கும் முன் புற்றுநோய் மருத்துவரே சொன்னார். ஆளுக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

"ஏழுமலை, உங்க பொண்ணு உடம்புலயே நல்ல செல்லுங்க இருக்கு. மருந்து அதுங்கள எழுப்பி விட்டுருக்கு. அதுங்க கட்டிக்குள்ள பூந்து சண்ட போடுது. அதான் வீக்கம். வலி, அசதி எல்லாம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சண்டைன்னா சும்மாவா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நர்ஸும் தனியாக உட்காரவைத்து, மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். குற்றவாளியைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் தீனி கிடைக்காது. அறையில் இருந்த எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். மோனிஷா மட்டும் தொடையை மெல்லத் தடவி, "அடிங்க, நல்லா அடிங்க" என்று அதனிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாவது டோஸுக்குப் பிறகு கட்டி நிஜமாகவே இறங்கத் தொடங்கியது. கையால் தொட்டாலே தெரிந்தது என்று புற்றுநோய் மருத்துவர் ஆய்வகத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அறுவை மருத்துவர் காரிடாரில் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது, மறைப்பானேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பம்மலில் ஒரு ஷேர் ஆட்டோ ஏறினேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் திரும்பினார். ஏழுமலை.

"மேடம், நீங்களா! ஒங்களத்தான் நென்ச்சிகினு இருந்தேன். நம்ம செல்லுங்க ஜோரா வேல செய்யுது மேடம். தொட பாதியா கொறஞ்சி போச்சி."

"சந்தோஷம் ஏழுமலை. பொண்ணு எப்படி இருக்கா?"

"சண்ட பலமா நடக்குது போல. கண்ணு ரெண்டும் சொருவிக்கினே கீது. காலைல நல்லா தொறக்குறா, சாய்ங்காலம் ஆனா எமை தானா வியுந்துருது. கயுத்து நிக்க மாட்டேங்குது, செவுத்துல சாச்சி வச்சிக்கினு சாப்புடுறா. நேத்துலேர்ந்து மாடிப்படி ஏறுனா மூச்சி வாங்குது. டாக்டர்தான் சொன்னாரே, சண்டைன்னா சும்மாவான்னு. பல்ல கடிச்சிக்கினு தாங்கிக்கிறா மேடம். அவ அம்மா கெஞ்சறா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு. இவதான், நல்லது நடக்கும்போது எதுக்கு அங்க போயி கெடுக்கணும்றா."

அவர் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எழுப்பிவிட்ட செல்கள் கட்டியோடு நிற்காமல் சில பேருக்குத் தசையையும் அடிக்கும். இமை ஒரு தசை, கழுத்து ஒரு தசை. இதயமும் ஒரு தசைதான்.

"ஏழுமலை, வண்டிய திருப்புங்க. உங்க வீட்டுக்குப் போங்க."

"நாளான்னிக்கி அடுத்த டோஸ் கீது மேடம். அப்ப காட்டிக்கலாமே."

"அந்த டோஸ் போட்டா செத்துருவா. திருப்புங்க."

இவ்வளவு முரட்டுத்தனமாக ஒரு தகப்பனிடம் பேசியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நான் நயமாகச் சொல்லியிருந்தால் அவர் பல்லாவரம்வரை ஓட்டிவிட்டுத்தான் யோசித்திருப்பார். வண்டியில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கூடை வைத்திருந்த அம்மா ஒருத்தி, "நடு ரோட்ல எறக்கி வுட்டா எப்படிப்பா, பேஜாரா கீதே" என்று ஆரம்பித்தவள், ஏழுமலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நீ போண்ணா. நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்" என்று அவளே முதலில் இறங்கினாள்.

பழைய தோல் கிடங்கு ஒன்றின் பின்னால் இருக்கும் சந்தில், மாடியில் அவர்கள் வீடு. மோனிஷா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை. நான் உயிரோடு இருக்கும் ஒருவரைச் சோதித்துப் பல காலம் ஆகியிருந்தது. என் கையில் ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை. விட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்திலேயே இரண்டு இமையும் ஷட்டர் மாதிரி இறங்கின. நாடியைப் பிடித்தேன். நடுநடுவே விட்டு விட்டு ஓடியது.

"ஏம்மா, இவ்ளோ கஷ்டமா இருக்கே, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"தாங்கிக்கிறேன் மேடம்," என்றாள். நாக்கு குழறியது. "நல்ல செல்லு வேல செய்யுதுன்னு சொன்னீங்கல்ல."

நீங்கள் எத்தனை ரிப்போர்ட் எழுதினாலும் அதை இப்படி ஒருவர் உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் படித்துக் காட்ட மாட்டார்கள். எனக்குப் படித்துக் காட்டினாள்.

அந்த ஷேர் ஆட்டோவிலேயே கொண்டுபோனோம். வழியில் புற்றுநோய் மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, எனக்கு முன்னால் அவசரப் பிரிவில் வந்து நின்றார். இதயம் அடி வாங்கியிருந்தது. துடிப்பு தாறுமாறாக இருந்தது. இனி ஒரே வழி, ஸ்டீராய்டைக் கொட்டி அந்தச் செல்களை அடக்க வேண்டும். அடக்கினால் இதயத்தில் இருப்பவை மட்டும் அடங்காது. கட்டியில் இருப்பவையும் அடங்கும். அந்த மருந்தை இந்தப் பெண்ணுக்கு இனி ஜென்மத்துக்கும் கொடுக்க முடியாது.

இதை ஏழுமலையிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவர் வேறு யாரையும் நம்பத் தயாராக இல்லை.

"அதுங்கதான மேடம் கட்டிய அடிச்சிது. அதுங்கள போயி சாவடிக்க சொல்றீங்க?"

"சாவடிக்கறது இல்ல. அடக்கி வைக்கறது."

"அப்ப கட்டி?"

"கட்டி மறுபடி வளரும் ஏழுமலை. அநேகமா வளரும்."

"நெஞ்ச அடிக்கிறது வேற செல்லா இருக்கும் மேடம். நல்லா பாருங்க. அது கெட்டதா இருக்கும்."

"வேற இல்ல. அதேதான்."

அவர் வராண்டாவில் சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். காக்கிச் சட்டையின் முனையைக் கையில் சுருட்டிச் சுருட்டி விரித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல், "குடுக்க சொல்லுங்க" என்றார்.

ஐ.சி.யு.வில் ஒரு முறை போய்ப் பார்த்தேன். மூக்கிலும் கையிலும் குழாய்கள். என்னைக் கண்டதும் விரலை அசைத்துக் கிட்டே கூப்பிட்டாள். "போதும் போதும்னு சொல்லிப் பாத்தேன் மேடம். கேக்க மாட்டேங்குது" என்றாள். நெஞ்சின் மேல் கையை வைத்திருந்தாள். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சீனியர்கள் அழுவதில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

பிழைத்துக்கொண்டாள். இமை தூக்கியது, கழுத்து நின்றது, துடிப்பு சீரானது. ஆனால் அந்த இதயத்தை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்க எந்த மருத்துவரும் துணியவில்லை. கட்டி பாதியாகக் குறைந்து, குழாயை விட்டு விலகி, அறுத்து எடுக்க வாகாக இருந்த நாட்களெல்லாம் அந்தக் காத்திருப்பில் கழிந்தன. இதயம் தேறி வந்தபோது கட்டியும் தேறி வந்துவிட்டது. பழைய இடத்தில் பழையபடி குழாயை வளைத்துக்கொண்டது. அறுவை மருத்துவர் இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தேதி குறித்தார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு, கொண்டுவந்தவளே நான்தான். ஒரு நோயாளியின் முதல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் எவரோ அவரே கடைசி வரை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், நடுவில் கை மாற்றக் கூடாது. அதனால் மோனிஷாவின் கால் என் மேஜைக்கு வந்தது. ஜூனியர் பையன், "நான் பாத்துக்கறேன் மேடம், நீங்க போங்க" என்றான். நல்ல மனசு. வேண்டாம் என்றேன். குதிகாலில் தடித்த காய்ப்பு இருந்தது. கடையில் நின்று நின்று வந்தது. அதன் மேல் ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலையை ஆரம்பித்தேன்.

ஸ்லைடில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். கூடுகள் எல்லாம் மறுபடி நிரம்பியிருந்தன. லிம்போசைட்டும் இருந்தது. ஒரேயடியாகத் துடைத்துப் போகவில்லை. கட்டிக்கு வெளியே, ஓரமாக, வரிசையாக நின்றது. உள்ளே ஒன்றுகூட இல்லை. முன்பு உள்ளே புகுந்து காலி செய்த அதே கூட்டம், இப்போது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

அந்த ரிப்போர்ட்டை எழுதிய நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். கட்டிக்குள் எதிர்ப்புச் செல் இருந்தால் எங்கே நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது, அதைச் சுற்றி என்ன நடந்திருக்கிறது என்று எழுதுங்கள். அது யார் பக்கம் என்று எழுதாதீர்கள், அது ஸ்லைடில் தெரியாது. உங்களைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டு, குடும்பத்தாரின் முன்னால் உட்காரவைத்தால், வீக்கம் எதிர்ப்புச் செல்லால் வந்தது என்று சொல்லும் அதே மூச்சில் அடுத்த வாக்கியத்தையும் சொல்லுங்கள். இதே செல் வேறு இடத்தையும் அடிக்கும், இமை விழுந்தால் தாங்கிக்கொள்ளாதே, ஓடி வா. பக்கத்தில் இருக்கும் மருத்துவர் சந்தோஷத்தில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். நர்ஸ் சொல்லிவிட்டாள் என்று விடாதீர்கள். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு வரிதான் வீட்டுக்குப் போகும், மற்றதெல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிடும். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மோனிஷா இப்போது இல்லை. கால் போன பிறகு ஒரு தீபாவளி பார்த்தாள், அவ்வளவுதான். நுரையீரலில் வந்தது. அறுவை மருத்துவர் அன்று கூட்டத்தில் பயந்தது அதற்குத்தான். அன்றே காலை வெட்டி எடுத்திருந்தால் வந்திருக்காதா என்று அவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் அவரைக் கேட்டதில்லை. இந்த நோயில் அது யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொண்டே தூங்கப் பழக வேண்டும். ஏழுமலை இன்னும் அதே வழியில் ஓட்டுகிறார். என்னைக் கண்டால் நிறுத்துவார். பேச மாட்டார், ஓட்டுவார்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. கால் எடுத்துச் சில மாதம் கழித்து மோனிஷா ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்தாள். நோயாளிகள் வருகிற இடமில்லை அது. ரிசப்ஷனில் தடுத்திருக்கிறார்கள், சண்டை போட்டு வந்திருக்கிறாள். இரண்டு ஊன்றுகோலோடு கதவருகே நின்று, "என் செல்லுங்கள ஒருவாட்டி பாக்கணும் மேடம்" என்றாள். ஜூனியர் பையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"பரவால்லண்ணா, நிக்கறேன். நின்னு பழக்கம்தான்."

அவள் தமாஷாகத்தான் சொன்னாள். அவன் நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

இரண்டு பேர் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப்பில், அந்தப் பழைய ஊசித் துண்டை வைத்தேன். கூடுகள் காலியாகி, கூட்டம் நிரம்பி நின்ற ஸ்லைடு. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். புடவையின் ஜரிகையைப் பார்க்கிற மாதிரி கவனமாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள்.

"இந்த நீலமா இருக்கறதெல்லாமா?"

"ஆமாம்மா."

"அழகாத்தான் இருக்கு." இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "இதுல எது மேடம் நல்லது? எது என் நெஞ்ச அடிச்சது?"

"நல்லது கெட்டதுன்னு தனித்தனியா எதுவும் இல்லம்மா. எல்லாம் ஒண்ணுதான். எல்லாம் உன்னோடது."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "என்னோடதா?" என்று மெல்லக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, ஊன்றுகோலை அக்குளில் பொருத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"என்னோடதுன்னா, நான் போதும்னு சொன்னப்ப நின்னுருக்கணும்ல மேடம்?"

நான் ஸ்லைடை எடுத்து அதன் பெட்டியில் வைத்தேன். உங்களில் யாருக்காவது எப்போதாவது இதற்குப் பதில் கிடைத்தால் எனக்குப் போன் செய்யுங்கள். இந்த முறை வைத்துவிட மாட்டேன்.